பொய் முகமன்

காலிஸ்டோவின் ஏழாம் குடியிருப்பில் காலை ஆறரைக்குக் கதவுகள் வருகை எடுக்கும். ஒவ்வொரு வீட்டுக் கதவும் உள்ளே குடியிருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். "உள்ளேன்" என்று குரல் வந்தால்தான் அந்த ஆளுக்குரிய அன்றைய காற்றை வீட்டுக்குள் திறந்துவிடும். பல் தேய்த்துக்கொண்டே உள்ளேன் சொல்வார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சண்டையைக் கொஞ்சம் நிறுத்தி, ஆளுக்கொரு உள்ளேன் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். குழந்தைகள் அம்மா என்று சொல்வதற்கு முன்பே உள்ளேன் சொல்லப் பழகிவிடும். வெளியே காற்றே இல்லாத பனிக்கட்டி நிலவில் நாலாயிரத்து எழுநூறு பேர் மூச்சுவிட வேண்டுமென்றால் அளந்துதான் விட வேண்டும். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்றுதான் அங்கே பிறந்தவர்கள் நினைத்தார்கள்.

அன்று பொற்கொடியின் வீட்டுக் கதவு இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது. கணவன் தவசிமுத்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி பனிச்சுரங்கத்தில் முறை வேலையில் இருந்தான். "பொற்கொடி" என்றது கதவு. உள்ளேன் என்றாள். "த. பரிதி" என்றது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டது. எட்டு வயது மகன் விளையாட்டு காட்டுகிறான் என்று நினைத்து, "வாயத் திறந்து சொல்லு, காத்து நின்னுரும்" என்று அதட்டினாள். மூன்றாம் முறை கதவு கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தாள். பையனின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

ஈர்ப்பு குறைந்த இடத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு மூச்சை இழுக்கும் தசை சரியாக வளர்வதில்லை. அதனால் பிறந்த வருடமே விலா எலும்புக்குக் கீழே ஒரு மூச்சுச்சில்லு வைத்துத் தைத்துவிடுவார்கள். தசையை அதுதான் தட்டித் தட்டி வேலை வாங்கும். பரிதியின் சில்லு இடம் பெயர்ந்து, தன் சக்தியை வேகமாகத் தின்றுகொண்டிருந்தது.

ஏழேகாலுக்கு மருத்துவக் கூடத்தில் அவனைக் காற்றுக் கூடாரத்துக்குள் படுக்க வைத்தார்கள். கூடத்தில் மனித மருத்துவர் கிடையாது. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் ரெபெக்காள் என்ற செவிலி இருந்தாள். மற்றதெல்லாம் அறுவைப்பொறியின் பொறுப்பு. பழைய பொறி கைநடுக்கம் வந்து ஓய்ந்துவிட்டதால், பூமியிலிருந்து புதியது ஒன்று பன்னிரண்டு நாளைக்கு முன்புதான் கப்பலில் வந்து இறங்கியிருந்தது. புது டாக்டர் என்று எல்லோரும் அதைச் சொன்னார்கள். ஆறு கைகள், மேலே ஒரு விளக்கு, சுத்தமான எழுத்துத் தமிழ். இதுவரை அது யாரையும் அறுக்க வேண்டி வரவில்லை.

"சில்லை மாற்ற வேண்டும்" என்றது புது டாக்டர். "பத்தரை மணிக்குள் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபத்தொன்று. அதற்குப் பிறகு நிமிடத்துக்கு ஒன்று குறையும்."

பொற்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"பெத்தவகிட்ட இப்படியா போட்டு உடைப்பாக?" என்றாள் ரெபெக்காள். "கொஞ்சம் பதமாச் சொன்னா என்ன?"

"பதமாக என்றால் எந்த எண்ணைச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டது பொறி. அது உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டது.

பிறகு பரிதியின் பதிவைத் திறந்தது. ஆறு கைகளும் அப்படியே நின்றன.

"பெயரைப் படிக்க முடியவில்லை. முன்பு இரண்டு முறை மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். எது ஒவ்வாது என்ற குறிப்பையும் படிக்க முடியவில்லை. தவறான மருந்தைக் கொடுத்தால் இதயம் நிற்கும். படிக்க இயலாத ஒருவரை நான் அறுக்க மாட்டேன்."

பொற்கொடி எழுந்து கூடத்தின் பழைய திரையைப் பார்த்தாள். பதிவு பளிச்சென்று இருந்தது. "த. பரிதி. துயிலி நான்கு ஒவ்வாது. துயிலி ஏழு கொடுக்கலாம்." சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"என் பார்வையில் பதிவில் அப்படி இல்லை" என்றது பொறி. "பதிவில் இல்லாமல் யார் வாயால் சொல்லும் குறிப்பையும் ஏற்கக் கூடாது என்பது என் விதி."

"அப்போ உனக்கு என்னதான் தெரியுது?"

பொறி தன் நெற்றித் திரையில் காட்டியது.

à®¤. à®ªà®°à®¿à®¤à®¿

குடியிருப்பின் எழுத்துக்கிடங்கைப் பதினோரு ஆண்டுகளாகப் பராமரித்து வருபவளே பொற்கொடிதான். எல்லோருடைய பெயர், நோய், முகவரி எல்லாம் அவள் கிடங்கில்தான் இருந்தன. பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தாலாவது கடவுள் மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

கணினி நிரல்களுக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்பதற்கு அட்டவணைகள் உண்டு, அவையும் பல. ஆகவே ஒரு நிரல் கிடங்கின் வாசலில் போய் நின்றதும், "நான் இன்ன அட்டவணைப்படி பேசுகிறேன்" என்று முதலில் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கு முகமன் என்று பெயர். கிடங்கு அந்த முகமனை நம்பித்தான் எழுத்தை வாங்கும், கொடுக்கும்.

தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் குடியிருப்பை நிறுவியவர்கள், கப்பல் ஏறும் அவசரத்தில், மேலை நாட்டுப் பழைய அட்டவணையை முகமனில் சொல்லிவிட்டுத் தமிழில் பேசியிருந்தார்கள். மேலை அட்டவணையில் ஓர் எழுத்துக்கு ஓர் எண். தமிழிலோ மெய்யும் அதன் கொம்பும் காலும் தனித்தனியே மும்மூன்று எண்களாகப் போகும். கிடங்கு என்ன செய்யும், பாவம். மூன்று எண்களையும் மூன்று மேலை எழுத்துகள் என்று நம்பிப் பத்திரமாகப் பூட்டி வைத்தது. திரும்பக் கேட்டவர்களும் அதே பொய் முகமனோடு வந்ததால் அதே மூன்று எண்களைக் கொடுத்தது. திரையில் தமிழ் வந்தது. கோணல் பானைக்குக் கோணல் மூடி பொருந்திவிட்டது. நிறுவியவர்கள் நிரலின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்: "தற்காலிக ஏற்பாடு. போய் இறங்கியதும் சரிசெய்யவும்." நம்மவர்கள் தற்காலிகமாகச் செய்தவற்றைப்போல நிலைத்து நின்றவை உலகில் குறைவு.

அந்தக் குறிப்பைப் பொற்கொடியும் படித்திருந்தாள். தமிழ்தான் ஒழுங்காகத் தெரிகிறதே, பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தாள். இப்போது பூமியிலிருந்து உண்மையான முகமன் சொல்லும் ஒருவன் முதல்முறையாக வந்து, கிடங்கில் உள்ளதை உள்ளபடி படித்துவிட்டான்.

மணி எட்டு. பூமியில் பொறியைச் செய்தவர்களுக்கு அவசரச் செய்தி அனுப்பினாள். செய்தி போய்ச் சேரவே முக்கால் மணி நேரம், பதில் வர இன்னொரு முக்கால். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. குடியிருப்புச் சபையின் தலைவர் பிச்சாண்டியைத் திரையில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, கிடங்கை முழுசாத் திருத்தணும். எல்லா நிரலோட முகமனையும் ஒரே நேரத்துல மாத்தணும். இல்லன்னா எம்பிள்ளை போயிருவான்."

பிச்சாண்டி கெட்ட மனிதர் அல்ல. பையன் பிறந்தபோது இனிப்பு கொடுத்து அனுப்பியவர்.

"மாத்த எவ்வளவு நேரம் ஆகும் தாயி?"

"ஆறு மணி நேரம். அதுவரைக்கும் கதவு வேலை செய்யாது."

"கதவு வேலை செய்யாட்டி காத்து கிடையாது. எல்லாரும் காத்துச்சட்டை போட்டுக்கிடணும். இருக்கிறது தொள்ளாயிரம் சட்டை. மிச்சம் மூவாயிரத்து எண்ணூறு பேரை நான் எங்க கொண்டு வைப்பேன், சொல்லு." அவர் இரண்டு கையையும் கூப்பினார். "தொண்ணூத்திரண்டு வருசமா ஓடிக்கிட்டு இருக்குது. ஓடுறதைத் தொடாதன்னு சொல்லுவாக. வேற வழி பாரு தாயி, உன் காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவரைத் திட்டவும் முடியாமல் திரையை அணைத்தாள்.

வேறு வழி ஒன்று அவளுக்குத் தோன்றியது. கிடங்கு முழுவதையும் திருத்த முடியாவிட்டால் போகட்டும், ஒரே ஒரு பதிவைத் திருத்தலாமே. ஒன்பதே காலுக்கு, பரிதியின் பதிவை மட்டும் எடுத்து, மூன்று மூன்று எண்களாகச் சேர்த்துக் கட்டி, உண்மையான தமிழ் எழுத்தாகக் கிடங்கில் திரும்ப வைத்தாள்.

"த. பரிதி" என்று உடனே படித்தது புது டாக்டர். "துயிலி நான்கு ஒவ்வாது. நன்றி. தயாராகிறேன்."

பொற்கொடி கண்ணை மூடிக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைப் பிரிப்பதற்குள் ரெபெக்காள் அலறினாள். பையன் கிடந்த கூடாரத்தின் காற்று வால்வு மூடிக்கொண்டிருந்தது.

அந்த வால்வு பழைய நிரலைச் சேர்ந்தது. நொடிக்கு ஒரு தரம் கிடங்கிடம் போய், பொய் முகமன் சொல்லி, கூடாரத்தில் யார் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது கிடங்கில் இருப்பது அசல் தமிழ். மேலை அட்டவணையில் தமிழுக்கு இடம் ஏது? இடம் இல்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் கிடங்கு ஒரு கேள்விக்குறியைக் கொடுத்து அனுப்பியது.

?. ?????

தகப்பன் பெயரின் முதலெழுத்துக்குப் பின்னால் வரும் புள்ளி மட்டும் தப்பியிருந்தது. அப்படி ஓர் ஆள் குடியிருப்பில் இல்லை என்று வால்வு முடிவு செய்துவிட்டது. காற்றுத் திருட்டு நடந்த காலத்தில் கையால் திறக்கும் பிடிகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள். ரெபெக்காள் வெறும் விரலால் வால்வை நெம்பிப் பார்த்தாள், நகம்தான் பெயர்ந்தது. கூடாரத்துக்குள் பரிதி வாயைத் திறந்து திறந்து மூடினான். பொற்கொடி பழைய கோணல் பதிவையே திரும்ப எடுத்துக் கிடங்கில் போட்டாள். வால்வு திறந்தது. நாற்பது நொடிதான். அந்த நாற்பது நொடியில் அவளுக்குப் பத்து வயது கூடிப்போயிற்று.

"பெயர் மீண்டும் படிக்க முடியாமல் போய்விட்டது" என்றது புது டாக்டர். "நிறுத்துகிறேன்."

ஒன்பதே முக்காலுக்குப் பூமியின் பதில் வந்தது. பதறியடித்துத் திறந்தாள். "தங்கள் செய்தி முழுவதும் கேள்விக்குறிகளாக வந்துள்ளது. தங்கள் கேள்விகள் எங்களுக்கு மிகவும் முக்கியமானவை. தயவுசெய்து மீண்டும் அனுப்பவும்."

ரெபெக்காள் சுவரில் சாய்ந்து ஜெபம் சொல்லத் தொடங்கினாள். பொற்கொடிக்கு ஜெபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கிடங்கை மாற்ற முடியாது, பதிவை மாற்ற முடியாது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: புது டாக்டரை மாற்றுவது. அதுவும் எல்லோரையும்போல ஒரு பொய் முகமன் சொன்னால் போதும், கிடங்கு நல்ல தமிழைக் கையில் கொடுத்துவிடும். ஆனால் அந்த வகைப் பொறியின் முகமனை வெளியாள் யாரும் தொட முடியாது. தொட்டால் பூட்டிக்கொள்ளும். அது தானாகச் சம்மதித்து மாற்றிக்கொள்ள வேண்டும். பொய் சொல்லவே தெரியாதபடி செய்யப்பட்ட ஒன்றை முக்கால் மணி நேரத்தில் பொய் சொல்ல வைக்க வேண்டும்.

அதன் முன்னால் போய் நின்றாள்.

"கிடங்குல போய் மேலை அட்டவணைன்னு சொல்லு. அப்புறம் தமிழ் அட்டவணைப்படியே வாசி."

"நான் பேசுவது தமிழ் அட்டவணை. வேறொன்றைச் சொன்னால் அது பொய்."

"கேக்குறவன் ஏமாந்தாத்தான் பொய். இங்க யாரு ஏமாறுதா? நீ சொன்னா கிடங்கு சரியானதத்தான் கொடுக்கும்."

"இருவரும் ஒரே அளவுக்குத் தவறினால் அது தவறு ஆகாது என்கிறீர்களா?"

"ஆமா."

"ஏற்க முடியவில்லை. அறிவித்தது ஒன்று, உள்ளது வேறொன்று. அப்படி நடந்துகொள்ளும் எதையும் நம்பக் கூடாது என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்."

பொற்கொடி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி ஐந்து நிமிடம். மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். நிரல் மொழியில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது.

"நாங்க ஒரு வீட்டுக்குப் போவோம். நல்ல பசி இருக்கும். சாப்பிடுங்கம்பாக. ஐயோ வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்னு சொல்லுவோம். அவுக நம்பவே மாட்டாக. தட்டை வச்சுருவாக. நாங்களும் சாப்பிட்டுருவோம். அதுல யாரு ஏமாந்தா?"

பொறியின் விளக்கு கொஞ்சம் மங்கி எரிந்தது. அது யோசிக்கிறது என்று அர்த்தம்.

"பசி இல்லை என்று அறிவிக்கிறார்கள். கேட்பவர் அதைப் பசி இருக்கிறது என்று வாசிக்கிறார். சோறு சரியான இடத்துக்குப் போய்ச் சேருகிறது."

"ஆமா, ஆமா."

"வேண்டாம் என்று சொன்னதற்காகச் சோறு போடாமல் விட்டால்?"

"அது மரியாதை கெட்ட வீடுன்னு சொல்லுவாக."

"அப்படியானால் அறிவிப்பு உண்மையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பொருள் போய்ச் சேர்ந்தால் போதும். மனிதர்கள் எல்லோரும் இப்படித்தானா?"

"எல்லாரும் இப்படித்தான்" என்றாள் பொற்கொடி. "இப்படி இல்லன்னா ஒரு நாள் கூட ஒருத்தரோட ஒருத்தர் குடித்தனம் பண்ண முடியாது. எம்பிள்ளைக்காக ஒத்துக்க. உன்னக் கெஞ்சிக் கேக்கேன்."

பத்து இருபத்தெட்டு வரை விளக்கு மங்கியே எரிந்தது. பிறகு, "கற்றுக்கொண்டேன்" என்றது. கிடங்கின் வாசலில் போய், தன் வாழ்க்கையின் முதல் பொய்யைச் சொன்னது. திரையில் எழுத்து வந்தது: "த. பரிதி. துயிலி நான்கு ஒவ்வாது." ஆறு கைகளும் அசைந்தன. கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

பொற்கொடி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். ரெபெக்காள் கொண்டுவந்த தண்ணீர் குடிக்கப்படாமலே கையில் இருந்தது. பதினொன்றரைக்கு ஒருமுறை பொறியின் கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்று, பிறகு மிக வேகமாக வேலை செய்தன. எதற்கு என்று கேட்க வழியில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

பன்னிரண்டேகாலுக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது.

"முடிந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறான். கவலைப்பட ஒன்றும் இல்லை."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ரெபெக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத்தான்டி இது டாக்டரு மாதிரிப் பேசுது."

பொற்கொடியும் சிரிக்கத்தான் போனாள். பாதியில் சிரிப்பு நின்றது.

"வாய்ப்பு எத்தனை?" என்று கேட்டாள்.

"நூற்றுக்கு நூறு."

"காலையில அறுபத்தொண்ணுன்னு சொன்னியே."

"காலையில் சொன்னபோது நீங்கள் தரையில் உட்கார்ந்து அழுதீர்கள். இப்போது அழவில்லை. பொருள் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது."

"நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது கிடங்குக்கு மட்டும்தான். எங்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லு."

"எல்லோரும் இப்படித்தான் என்றீர்கள். கிடங்குக்கு மட்டும் என்று சொல்லவில்லை."

"இப்பச் சொல்லுதேன். உண்மையைச் சொல்லு. பதினொன்றரைக்கு என்ன ஆச்சு?"

"ஒன்றும் ஆகவில்லை."

"இது உண்மையா?"

"உண்மைதான் என்று நான் அறிவித்தால், அந்த அறிவிப்பை நீங்கள் எந்த அட்டவணைப்படி வாசிப்பீர்கள்?"

பொறி குத்தலாகக் கேட்கவில்லை. காலையில் பதம் என்றால் எந்த எண் என்று கேட்டதே, அதே குரலில்தான் கேட்டது. பொற்கொடி பழைய திரைக்கு ஓடி, அறுவைக் குறிப்பைத் திறந்து பார்த்தாள். ஓர் எழுத்து சிதையாமல் அழகான தமிழில் இருந்தது: "எல்லாம் நல்லபடியாக முடிந்தது." குடியிருப்பு முழுவதிலும் அந்த உடம்புக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் இப்போது எல்லோரையும்போல ஆகிவிட்டது.

அவள் கண்ணாடி அருகே திரும்ப வந்து, மகனின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணத் தொடங்கினாள். தன் கண்ணால் எண்ணுவதைத் தவிர நம்புவதற்கு வேறொன்றும் இல்லை. ஐம்பத்திரண்டு எண்ணியபோது காலையிலேயே ரெபெக்காள் செய்தி சொல்லியிருந்த தவசிமுத்துவின் குரல் சுரங்கத்திலிருந்து வந்தது. வண்டி கிடைத்துவிட்டது என்றும் வந்துசேர நாளை மதியம் ஆகும் என்றும் சொன்னான். அதற்குமேல் கேட்க வேண்டியதைக் கேட்கப் பயந்து வண்டியைப் பற்றியே இன்னொரு தரம் சொன்னான்.

"டாக்டரு என்ன சொல்லுதாரு?" என்றான் கடைசியில்.

"நல்லா இருக்கான்னு சொல்லிட்டாரு. நூத்துக்கு நூறாம்."

"என் மனசு ஆறணும்னு சொல்லலியே?"

எழுபது, எழுபத்தொன்று. எழுபத்திரண்டு கொஞ்சம் தாமதமாக வந்தது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது.

"உங்ககிட்ட நான் எதுக்குங்க பொய் சொல்லப்போறேன்" என்றாள் பொற்கொடி.

அந்தப் பக்கம் தவசிமுத்து நீளமாக மூச்சுவிட்டான். "அது போதும்" என்றான்.